பழைய கணினிக்குப் பிற்கால ஃபிளாப்பி டிரைவ்: வாங்குவதிலிருந்து ஓட வைப்பது வரை

அமிகா, அட்டாரி எஸ்டி, ஆம்ஸ்ட்ராட் சிபிசி போன்ற 1980களின் கணினிகளில் பெரும்பாலும் முதலில் கைவிரிப்பது, நெகிழ்வட்டுகளைப் படித்து எழுதும் ஃபிளாப்பி டிரைவ்தான். அதே ரக டிரைவைத் தேடிப் பிடிப்பது கடினம். கிடைத்தாலும் அதுவும் அதே வயதுக் கிழடாகத்தான் இருக்கும். பிற்காலத்தில் பிசிக்களுக்காகக் கோடிக்கணக்கில் தயாரான 3.5 இஞ்ச் டிரைவ்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை அடாப்டர் கேபிளுடன் இணைத்தால் பழைய கணினி மீண்டும் ஓடும்.

நான் இதில் இறங்கியபோது பட்ட பாடு கொஞ்சமல்ல. தகவல்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. விற்பவர்களோ "எல்லாக் கணினிக்கும் பொருந்தும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பொருந்தத்தான் செய்கிறது, ஓடுவதில்லை. 34 பின் (ஊசி முனை) கனெக்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் வரும் மயக்கம் அது. உண்மையில் தகராறு செய்பவை இரண்டு மூன்று கம்பிகளும் மின்சார பிளக்கும் மட்டுமே. அவற்றில் உங்கள் கணினி என்ன எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) செலவழிக்காதீர்கள்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128, ஸ்பெக்ட்ரம் +3 ஆகியவற்றில் இருப்பது 3 இஞ்ச் டிரைவ். அதன் மோட்டாரிலிருந்து சுழல்தட்டுக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகிறது. இத்தனை ஆண்டுகளில் அது தளர்ந்திருக்கும். சிலவற்றில் இளகிப் பிசுபிசுவென்று கப்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கிப்போடப்படுபவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் எண்ணம். புதுப் பெல்ட்டின் விலை சில வெள்ளிகள். உங்களிடம் 3 இஞ்ச் வட்டுகள் நிறைய இருந்தால் பெல்ட்டை மாற்றிவிட்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

அமிகா 500, அட்டாரி எஸ்டி டிரைவ்களில் பொதுவாகப் பெல்ட் கிடையாது. அங்கே முதல் சந்தேகம், வட்டைத் தொட்டுப் படிக்கும் தலையில் அழுக்கேறியிருப்பது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தலையை மெல்லத் துடையுங்கள். மேல்தலையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். அதன் மெல்லிய தகடு வளைந்தால் டிரைவ் நிஜமாகவே முடிந்துவிடும்.

2. ஆவணங்களைச் சேகரியுங்கள், மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்

தேவையான ஆவணங்கள் இரண்டு. ஒன்று, உங்கள் கணினியின் சர்வீஸ் கையேட்டில் ஃபிளாப்பி கனெக்டர் வரும் பக்கம். பயனர் கையேடு போதாது. இரண்டு, வாங்கப்போகும் டிரைவின் லேபிள் புகைப்படம். அதிலுள்ள மாடல் எண்ணோடு கடைசியில் வரும் திருத்த எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே மாடல் பெயரில் வந்த டிரைவ்களில் முந்தைய திருத்தத்தில் ஜம்பர் (இரு முனைகளை இணைத்து டிரைவின் அமைப்பை மாற்றும் சிறு துண்டு) இருக்கும், பிந்தையதில் இருக்காது. டீயாக் எஃப்டி-235 வரிசை இதற்குப் பேர்போனது.

34 பின்களில் ஒற்றைப்படை எண்கள் பொதுவாக கிரவுண்ட், அதாவது சுழிய வோல்ட் கம்பிகள். இரட்டைப்படை எண்களில்தான் சமிக்ஞை போகிறது. 8, 18, 20, 22, 24, 26, 28, 30, 32 ஆகிய ஒன்பதும் இங்கே பேசப்படும் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றை மறந்துவிடுங்கள். ஒரு தாளில் எழுத வேண்டியவை இவை:

முதல் கேள்வி, டிரைவை எந்தப் பின் கூப்பிடுகிறது? அமிகா, அட்டாரி, ஆம்ஸ்ட்ராட் ஆகியவை உள் டிரைவை டிஎஸ்0 என்ற தேர்வுக் கம்பியால் அழைக்கின்றன. அது 10ஆவது பின். பிசி டிரைவ்களோ தொழிற்சாலையிலேயே டிஎஸ்1 என்று, அதாவது 12ஆவது பின்னில் காது வைக்கும்படி, அமைக்கப்பட்டவை. பிசியில் கேபிளின் நடுவே இருக்கும் முறுக்கு இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். உங்கள் பழைய கணினியில் அந்த முறுக்கு உதவாது. ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் கேள்வி, 34ஆவது பின்னில் கணினி என்ன எதிர்பார்க்கிறது? பிசி டிரைவ் அந்தப் பின்னில் "வட்டு மாற்றப்பட்டது" என்று சொல்கிறது. அமிகாவும் ஆம்ஸ்ட்ராடும் அதே பின்னில் "டிரைவ் தயார்" என்ற தகவலை எதிர்பார்க்கின்றன. அட்டாரி எஸ்டி அந்தப் பின்னைக் கண்டுகொள்வதே இல்லை. அமிகாவுக்கு இன்னொரு தேவையும் உண்டு: வட்டு மாற்றத் தகவல் அதற்கு 2ஆவது பின்னில் வர வேண்டும்.

மூன்றாம் கேள்வி, மின்சார பிளக்கில் 5 வோல்ட் எந்த முனையில், 12 வோல்ட் எந்த முனையில்? இதற்குக் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள்.

ஆப்பிள் II, கொமடோர் 64 வைத்திருப்பவர்கள் இங்கேயே விடைபெறலாம். அவற்றின் டிரைவ் இணைப்பு முறையே வேறு. எந்த அடாப்டர் கேபிளாலும் பிசி டிரைவை அவற்றோடு பேசவைக்க முடியாது.

3. டிரைவை வாங்குதல்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து தரையில் குவித்துக் கிடக்கும் சாமான்களைக் கிளறி எடுக்கும் வசதி போய்விட்டது. இப்போது பழைய பொருள்கள் கைமாறும் இணையச் சந்தையான கேரொசெல்தான் முதல் இடம். பழைய பிசியை முழுதாக விற்பவரிடம் டிரைவை மட்டும் கழற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். மனிதர்கள் நினைப்பதைவிட இணக்கமானவர்கள்.

கேட்க வேண்டிய படங்கள் மூன்று: லேபிள், பின்புறம், அடிப்பகுதி. பின்புறத்தில் இரண்டு வரிசையாக 34 உலோகப் பின்கள் தெரிய வேண்டும். தட்டையான மெல்லிய பட்டை நுழையும் 26 முனைத் துளை தெரிந்தால் அது மடிக்கணினி டிரைவ், விட்டுவிடுங்கள். அடிப்பகுதிச் சர்க்யூட்டில் டிஎஸ்0, டிஎஸ்1 என்று அச்சிட்ட இடங்கள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சாம்சங் எஸ்எஃப்டி-321பி போன்றவற்றில் ஒரு துளி ஈயத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினாலே டிரைவ் டிஎஸ்0 ஆகிவிடும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கேபிளிலேயே சரிசெய்யலாம்.

"பரிசோதித்தது, நன்றாக வேலை செய்கிறது" என்ற வரியை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருவர் அப்படி விற்ற டிரைவில் மேல்தலையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றும்போது சோதனை செய்ய வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் கையோடு ஒரு வட்டையும் கைவிளக்கையும் கொண்டுபோங்கள். வட்டு தடையின்றி உள்ளே இறங்கி "டக்" என்று உட்கார வேண்டும். பொத்தானை அழுத்தினால் முழுதாக வெளியே வர வேண்டும். வட்டை எடுத்துவிட்டு உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். இரண்டு தலைகளும் நேருக்கு நேர் தெரிய வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

அடுத்த பொறி, யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ். கடையில் புத்தம் புதிதாகக் கிடைப்பது அதுதான் என்பதால் பலர் வாங்கிவிடுகிறார்கள். அதைப் பழைய கணினியில் இணைக்க முடியாது. யுஎஸ்பிக்கும் 34 பின்னுக்கும் இடையே வெறும் கேபிளால் பாலம் போட இயலாது. அமிகா, சிபிசி வட்டுகளைப் படிக்கவும் அது உதவாது. ஆனால் உங்களிடம் இருப்பவை வெறும் பிசி வட்டுகள், அவற்றிலுள்ள கோப்புகளை மீட்டால் போதும் என்றால், உங்களுக்கு வேண்டியதே யுஎஸ்பி டிரைவ்தான். நம் வீடுகளில் 1990களில் தட்டச்சு செய்த கதைகள், சங்க அழைப்பிதழ்கள், கோயில் மலர்க் கட்டுரைகள் எல்லாம் அந்த வகை. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அதே வட்டில் எழுத்துருக் கோப்பும் கிடந்தால் அதையும் சேர்த்து நகலெடுங்கள். அது இல்லாவிட்டால் மீட்ட கோப்பு எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

4. மற்ற சாமான்கள், செலவு, காலம்

வாங்க வேண்டியவை: 34 இழை ரிப்பன் கேபிள், அழுத்திப் பொருத்தும் 34 பின் கனெக்டர்கள் (இரண்டு வேண்டும், நான்காக வாங்குங்கள்), நான்கு முனைச் சிறிய மின்சார பிளக் பொருத்திய கம்பி, வெப்பத்தில் சுருங்கும் குழாய், மலிவான மல்டிமீட்டர். இவற்றுக்கு சிம் லிம் டவர் செல்லுங்கள். சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்குவேர் கணினிக் கடைகளுக்கு. மின்னணு உதிரிப்பாகங்களுக்கு டவர். ஜாலான் புசார் சாலையில் இருக்கிறது, தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் உதிரிபாகக் கடைகள் உண்டு என்பதால் சனிக்கிழமை பிற்பகலுக்குள் போய்வருவது நல்லது. கடைக்காரரிடம் "ஃபிளாப்பி கேபிள்" என்று கேட்டால் இல்லை என்பார். "34 இழை ரிப்பன் கேபிள், இரண்டு அடி" என்று கேளுங்கள், வெட்டித் தருவார்.

மல்டிமீட்டர் நீங்கலாக இந்தச் சாமான்கள் இருபது வெள்ளியைத் தாண்டக்கூடாது. டிரைவுக்கு விற்பவர் மனத்தைப் பொறுத்து விலை. கழற்றிய பழைய பிசி டிரைவுக்கு நாற்பது வெள்ளிக்கு மேல் கொடுக்க நான் ஒப்புவதில்லை.

சில கணினிகளுக்கு உள்ளூரில் எதுவும் கிடைக்காது. 26 பின்னிலிருந்து 34 பின்னுக்கு மாறும் கேபிள், ஐபிஎம்மின் பழைய பிசி எக்ஸ்டியின் விளிம்புக் கனெக்டரிலிருந்து பின் கனெக்டருக்கு மாறும் சிறிய பலகை போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். அப்போது பொருள் சேவை வரி நினைவிருக்கட்டும். 2023 ஜனவரி 1 முதல், விமானம் அல்லது அஞ்சல் வழி வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கும் வரி உண்டு. பதிவுபெற்ற இணையச் சந்தைகள் பணம் செலுத்தும்போதே அதை வாங்கிவிடும். வரி விகிதம் 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். 400 வெள்ளியைத் தாண்டினால் பொருள் இங்கே வந்து சேரும்போது வரி கட்ட வேண்டும். கொண்டுவரும் கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் அதன்மேல் போடும். முழுக் கணினியையே வெளிநாட்டில் வாங்குபவர்கள் இந்த எல்லையைக் கணக்கில் வையுங்கள். வாங்கிய இடத்தில் வரி கட்டியதற்கான ரசீதைப் பொருள் கைக்கு வரும்வரை பத்திரப்படுத்துங்கள். இரண்டாம் முறை வரி கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் சான்று.

சாதாரண அஞ்சல் வாரக்கணக்கில் ஆகும். எனவே வெளிநாட்டுச் சாமானை முதலில் ஆர்டர் செய்துவிட்டு, மற்ற வேலைகளை அது வருவதற்குள் முடியுங்கள். எல்லாம் கையில் இருந்தால் வேலை ஒரு வார இறுதிக்குள் அடங்கிவிடும்.

5. மின்சாரத்தை முதலில் சரிசெய்யுங்கள்

சமிக்ஞைக் கம்பியில் தவறு நேர்ந்தால் டிரைவ் ஓடாது, அவ்வளவுதான். மின்சாரத்தில் தவறு நேர்ந்தால் டிரைவ் அந்த நொடியே கருகிவிடும். அதனால் இந்தப் படியில் அவசரம் கூடாது.

பிசி ஃபிளாப்பியின் சிறிய பிளக்கில் நான்கு முனைகள்: ஓர் ஓரத்தில் 5 வோல்ட், நடுவே இரண்டு கிரவுண்ட், மறு ஓரத்தில் 12 வோல்ட். ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128, ஸ்பெக்ட்ரம் +3 ஆகியவற்றின் உள்ளே வரும் பிளக்கும் பார்க்க இதே போலத்தான் இருக்கும். ஆனால் அதில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறி இருக்கின்றன. அப்படியே செருகினால் 5 வோல்ட் மட்டுமே தாங்கும் சில்லுக்குள் 12 வோல்ட் பாயும்.

பிற்கால 3.5 இஞ்ச் டிரைவ்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் மட்டுமே இயங்குபவை. லேபிளைப் பாருங்கள். 5 வோல்ட் மட்டும் அச்சிட்டிருந்தால் 12 வோல்ட் கம்பி தேவையே இல்லை. கம்பிகளை இடம் மாற்றுவதைவிட, 12 வோல்ட் கம்பியைப் பிளக்கிலிருந்து கழற்றி, முனையைச் சுருங்கு குழாயால் மூடி, ஓரமாகக் கட்டிவிடுவதுதான் என் பரிந்துரை. பிறகு 5 வோல்ட் கம்பியை மட்டும் பிசி வரிசைப்படி சரியான முனைக்குக் கொண்டுவாருங்கள்.

அளக்கும் முறை: டிரைவை இணைக்காமல் கணினியை முடுக்குங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை நடுத் துளையில், சிவப்பு முனை ஒவ்வோர் ஓரத் துளையிலும். வந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு 5, மஞ்சள் 12 என்பது பிசி உலக வழக்கம், மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். மாற்றிய பிறகு மீண்டும் அளந்துவிட்டே டிரைவை இணையுங்கள். செருகும்போது பிளக் ஒரு முனை தள்ளி உட்காரவும் வாய்ப்புண்டு; சில டிரைவ்களில் அந்தப் பின்களைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருப்பதில்லை. கண்ணால் பார்த்துச் செருகுங்கள், தடவிப் பார்த்துச் செருகாதீர்கள்.

கணினியை வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனிலிருந்து வந்தது என்றால் நம் மூன்று முனைச் சுவர்ப் பிளக்கிலேயே ஓடும். ஜப்பானியக் கணினிக்கு 100 வோல்ட், அமெரிக்கக் கணினிக்கு 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இருக்காது. தனி மின்வழங்கி வாங்குவதாக இருந்தால் சிங்கப்பூரின் பாதுகாப்புச் சின்னம் பொறித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

6. கேபிளைத் தயாரித்தல்

முதலில், வீட்டில் கிடக்கும் முறுக்குள்ள பிசி கேபிள் ஏன் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். அதில் 10 முதல் 16 வரை ஏழு கம்பிகள் புரட்டப்பட்டிருக்கும். உங்கள் கணினி 10இல் அனுப்பும் தேர்வுச் சமிக்ஞை டிரைவின் 16ஆவது பின்னுக்கு, அதாவது மோட்டாருக்குப் போய்விடும். மோட்டார் சுழலும், டிரைவோ தன்னை யாரும் அழைக்கவில்லை என்று சும்மா இருக்கும். இந்த அறிகுறியைப் பார்த்தே "டிரைவ் பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

நமக்கு வேண்டியது ஏழு கம்பி முறுக்கு அல்ல, மூன்று கம்பி முறுக்கு. 10, 11, 12 மூன்றையும் ஒன்றாகப் பிடித்து அரைச் சுற்று புரட்டினால் 10 போய் 12இல் உட்காரும், 12 போய் 10இல் உட்காரும். நடுவில் உள்ள 11 கிரவுண்ட், அது இருந்த இடத்திலேயே இருக்கும். மோட்டார் கம்பியான 16ஐத் தொடவே இல்லை.

செய்முறை: ரிப்பனின் ஓரத்தில் சிவப்புக் கோடு உள்ள இழைதான் 1. அங்கிருந்து எண்ணுங்கள். ஒன்பதாவது, பத்தாவது இழைகளுக்கு நடுவே கூர்மையான கத்தி நுனியால் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு நடுவிலும் அப்படியே. கத்தி சாய்ந்தால் செம்பு இழை வெளியே தெரியும். அந்தக் கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுங்கள். பிரிந்த மூன்று இழைப் பட்டையைப் புரட்டி, கனெக்டரின் பற்களுக்கு மேலே மற்ற இழைகளோடு ஒரே தளத்தில் படுக்க வையுங்கள். ஒவ்வோர் இழையும் அதனதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல்மூடியை வைத்து மேசைப் பிடிப்பானில் இரு ஓரமும் சமமாக இறங்கும்படி இறுக்குங்கள். சுத்தியல் வேண்டாம், ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் தூக்கிக்கொள்ளும், சில இழைகள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்.

முறுக்கு டிரைவ் பக்கத்தில் இருக்கட்டும். கனெக்டரை அழுத்திய பிறகு மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். கணினிப் பக்கம் 10, டிரைவ் பக்கம் 12இல் ஒலிக்க வேண்டும், 12க்கு 10, 14க்கு 14, 16க்கு 16. அடுத்தடுத்த பின்களுக்கு இடையே ஒலிக்கவே கூடாது.

டிரைவிலேயே டிஎஸ்0 ஜம்பர் வைக்க முடிந்தவர்கள் இந்த முறுக்கைப் போடக் கூடாது. இரண்டையும் செய்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

7. கணினி வாரியாகச் செய்ய வேண்டியது

அட்டாரி எஸ்டி: மேலே சொன்ன முறுக்கு போதும். வேறு எதுவும் தேவையில்லை. இருப்பதிலேயே சுலபம் இதுதான்.

ஆம்ஸ்ட்ராட் சிபிசி: முறுக்கோடு 34ஆவது கம்பியையும் கவனிக்க வேண்டும். சிவப்புக் கோட்டுக்கு எதிர் ஓரத்தில் கடைசியாக இருப்பது 34. அதை ஒட்டி இருப்பது 33, கிரவுண்ட். 34ஐ நடுவில் வெட்டி, டிரைவ் பக்கத்து முனையை மூடிவிடுங்கள். கணினிப் பக்கத்து முனையை 33உடன் இணையுங்கள். இப்போது கணினிக்கு டிரைவ் எப்போதும் "தயார்" என்றே தோன்றும். இதற்கு ஒரு விலை உண்டு: வட்டு இல்லாமல் கட்டளை கொடுத்தால் "வட்டு இல்லை" என்று சொல்வதற்குப் பதில் கணினி அப்படியே காத்து நிற்கும். வட்டைப் போட்டுவிட்டே கட்டளை கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். வழக்கமான வடிவமைப்பில் சிபிசி ஒரு பக்கத்தைத்தான் பயன்படுத்துகிறது, கொள்ளளவு 178 கிலோபைட். இரு பக்கமும் 80 தடங்களும் உள்ள டிரைவைப் போட்டதால் அது தானாகக் கூடிவிடாது. இரண்டாம் பக்கமும் வேண்டும் என்பவர்கள் 32ஆவது கம்பியில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்கிறார்கள். சில 3 இஞ்ச் டிரைவ்களுக்கு வரும் கேபிள் 26 பின் கொண்டது. அதற்கான மாற்றுக் கேபிளைத் தயாராக வாங்குவதுதான் நிம்மதி.

அமிகா 500: முறுக்கு வேண்டும், 34ஐ வெட்ட வேண்டும், இரண்டும் போதாது. டிரைவின் 34ஆவது பின்னிலிருந்து வரும் வட்டு மாற்றத் தகவலைக் கணினியின் 2ஆவது பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு 2ஆவது கம்பியையும் வெட்டி, டிரைவ் பக்கத்து 34ஐயும் கணினிப் பக்கத்து 2ஐயும் ஒரு தனிக் கம்பியால் இணையுங்கள். கணினிப் பக்கத்து 34ஐ கிரவுண்டுடன் சேர்த்தால் பெரும்பாலான மென்பொருள்கள் ஓடும். "தயார்" சமிக்ஞையைக் கறாராகச் சரிபார்க்கும் சில விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். இவ்வளவும் கேபிளில் செய்யச் சலிப்பாக இருந்தால், இந்த இணைப்புகள் அச்சிட்ட சிறு அடாப்டர் பலகைகள் விற்கப்படுகின்றன. அமிகாவுக்கு மட்டும் அதற்குக் கொடுக்கும் காசு தகும் என்பேன்.

பிசி எக்ஸ்டி: அதே முறுக்குள்ள பிசி கேபிள்தான், மாற்ற வேண்டியது விளிம்புக் கனெக்டரும் மின்சார பிளக்கும் மட்டும். எக்ஸ்டியின் கட்டுப்பாட்டு அட்டை வேகம் குறைந்தது என்பதால் 1.44 மெகாபைட் டிரைவைப் போட்டாலும் 720 கிலோபைட் வட்டுகளைத்தான் கையாளும். அதற்கும் டாஸ் இயங்குதளத்தின் 3.2 பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

வட்டுகளின் மேல் பற்று இல்லை, மென்பொருள் ஓடினால் போதும் என்பவர்கள் கோடெக் என்ற ஃபிளாப்பி போலியை (யுஎஸ்பி குச்சியில் உள்ளவற்றைக் கணினிக்கு வட்டு போலக் காட்டும் கருவி) வாங்கி, அதில் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். எஸ்0 ஜம்பரை மாட்டினால் டிஎஸ்0. 2ஆவது, 34ஆவது பின் தகராறும் அந்த மென்பொருளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். எனக்கு வட்டு சுழலும் ஓசை வேண்டும். அது என் பிடிவாதம், உங்களுக்கு விதி அல்ல.

8. முதல் முறை முடுக்கும்போது

கணினியின் மேல்மூடியைப் போடாமல், டிரைவை ஓர் அட்டை மேல் வைத்துச் சோதியுங்கள். அரிய வட்டை முதலில் போடாதீர்கள். வீணானாலும் பரவாயில்லை என்ற வட்டைப் போடுங்கள். எழுதும் தடுப்புத் துளையைத் திறந்தே வையுங்கள், அப்போது வட்டில் எதுவும் எழுதப்படாது.

முடுக்கிய நொடியிலிருந்து விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. சமிக்ஞைகள் எல்லாம் கிரவுண்டில் போய் நிற்பதால் வரும் விளைவு அது. அணைத்துவிட்டுத் திருப்பிச் செருகுங்கள், பொதுவாகச் சேதம் இராது. விளக்கே எரியாவிட்டால் தேர்வுக் கம்பியைப் பாருங்கள்: முறுக்கு விட்டுப்போயிருக்கும், அல்லது இரு முறை வந்திருக்கும். விளக்கு எரிந்து வட்டும் சுழன்று, ஆனால் கணினி வட்டு இல்லை என்று அடம்பிடித்தால் 34ஆவது கம்பி. அமிகா வட்டைப் போட்ட பிறகும் "டிக், டிக்" என்று தட்டிக்கொண்டே இருந்தால் 2ஆவது கம்பி.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. பிசியில் வட்டை மாற்றிய பிறகும் முந்தைய வட்டின் கோப்புப் பட்டியலே திரையில் வந்தால், வட்டு மாற்றத் தகவல் கணினியை எட்டவில்லை என்று பொருள். அந்த நிலையில் எதையாவது எழுதினால் இரண்டாம் வட்டு நாசமாகிவிடும். உடனே நிறுத்திவிட்டுக் கேபிளைப் பாருங்கள்.

9. வட்டுகள்

அமிகா, எஸ்டி, சிபிசி மூன்றுக்கும் வேண்டியவை இரட்டை அடர்த்தி வட்டுகள், அதாவது பிசியில் 720 கிலோபைட் கொள்ளும் ரகம். 1.44 மெகாபைட் வட்டுதான் கிடைக்கிறது என்றால், எழுதும் தடுப்புத் துளைக்கு எதிர் மூலையில் உள்ள இரண்டாம் துளையை ஒளி புகாத டேப்பால் இரு பக்கமும் ஒட்டி மூடுங்கள். காந்தப் பூச்சின் தன்மை வேறு என்பதால் நீண்ட காலம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது; அன்றாட உபயோகத்துக்குப் போதும். 5.25 இஞ்ச் வட்டுகளில் இந்த வித்தையை முயலவே வேண்டாம், அங்கே பூச்சின் வேறுபாடு மிக அதிகம்.

நம் ஊரில் வட்டுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த வட்டை எடுத்தால், உலோகக் கதவை நகர்த்தி, நடுக்குமிழை விரலால் மெல்லச் சுற்றியபடி விளக்கொளியில் பாருங்கள். கரும்பழுப்புப் பரப்பில் பால் சிந்தியது போன்ற வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பஞ்சுக் குச்சியால், வட்டைச் சுற்றிக்கொண்டே, இரு பக்கமும் துடைத்து முழுதாக உலரவிடுங்கள். சுத்தமான வட்டுகளைக் கேமரா வைக்கும் ஈரப்பதம் நீக்கும் பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கலாம். அந்தச் செலவு வேண்டாம் என்றால் இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற மறக்காமல் இருந்தால்.

துடைத்த வட்டை முதல் முறை ஓட்டியதும் டிரைவின் தலையையும் ஒரு முறை துடைத்துவிட்டே அடுத்த வட்டைப் போடுங்கள். தலையில் ஒட்டிய துணுக்கு அடுத்த நல்ல வட்டின் பூச்சைக் கோடு கோடாகச் சுரண்டி எடுத்துவிடும்.